கசிவு நீர் சொன்ன பாடம்

தோட்டத்துக் குளத்தில் நாள்தோறும் நீர் குறைகிறது. வெயில் குடித்ததா, மண் குடித்ததா? கேள்வி சிறியதுதான். ஆனால் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் கோமுகி ஆற்றின் குறுக்கே 1965-இல் கட்டப்பட்ட அணையானாலும் சரி, கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டுக் கொல்லையில் வெட்டிய குட்டையானாலும் சரி, மண்ணினூடே நீர் கசியும் விதி ஒன்றேயாகும். அந்த விதியை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றைக் காண்போம்.

பிரான்சு நாட்டின் திஜோன் நகரைச் சேர்ந்த பொறியாளர் ஹென்றி தார்சி, நெடிய உருளை ஒன்றில் மணலை நிரப்பி, அதனூடே நீரைச் செலுத்தி அளந்து பார்த்தார். 1856-இல் முடிவை வெளியிட்டார். இருபுற நீர்மட்ட வேறுபாடு இரு மடங்கானால் கசிவும் இரு மடங்காகும். நீர் கடக்க வேண்டிய மணலின் நீளம் இரு மடங்கானால் கசிவு பாதியாகும். இதுவே தார்சி விதி.

இவ்விதியின் அருமை பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் ஒரு விபத்தினால் விளங்கிற்று. பஞ்சாபில் செனாப் ஆற்றின் மணற்படுகை மீது கட்டிய கான்கி அணைக்கட்டு 1895-இல் சேதமுற்றது. ரூர்க்கி பொறியியல் கல்லூரியின் தலைவர் கர்னல் கிளிபார்ன், கான்கி மணலையே நீண்ட குழாயில் அடைத்துச் சோதனை செய்தார். 1898-இல் கங்கை மீதிருந்த நரோரா அணைக்கட்டும் உடைந்தது. மேலிருந்து பாயும் நீரைவிட, அடியில் ஊரும் நீரே கொடிய பகை என்பது புலனாயிற்று.

நீரின் பாதையை நீட்டினால் அதன் வலு குறையும் என்று பிளை என்பவர் 1910-இல் கணக்கு வகுத்தார். நுண்மணலில் ஓர் அடி நீர்மட்ட வேறுபாட்டுக்குப் பதினைந்து அடிப் பாதை வேண்டும் என்றார். பாதை நீண்டால் மட்டும் போதாது என்று காட்டியவர் இந்தியப் பொறியாளர் ஏ. என். கோஸ்லா. நீர் வெளியேறும் இடத்தில் மணலைத் தூக்கும் அளவுக்கு வேகம் இருக்கலாகாது. ஆகவே அம்முனையில் ஆழமான தடுப்புச் சுவர் கட்டாயம் வேண்டும் என்று 1936-இல் வெளிவந்த நூலில் அவரும் துணை ஆசிரியர்களும் விளக்கினர்.

இனி நம் குளத்துக்கு வருவோம். ஒரு வாளியில் நீர் நிரப்பிக் குளத்துப் படியில் வையுங்கள். வாளியின் உள்ளும் புறமும் நீர்மட்டத்தைக் குறித்து, மழையில்லாத ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் குற்றவாளி வெயில். குளம் கூடுதலாக இறங்கினால் கசிவு உண்டு. நீர் ஊற்றாமல் மேலும் சில நாள் பாருங்கள். எந்த மட்டத்தில் குளமும் வாளியும் ஒத்து இறங்கத் தொடங்குகின்றனவோ, அதற்குச் சற்று மேலேதான் ஓட்டை இருக்கும். இறக்கம் நிற்காமலே போனால் தரையைச் சோதியுங்கள்.

சிமெண்டுத் தொட்டியானால், வெடிப்பை அகலமாகக் கொத்தி, கெட்டியான சிமெண்டுக் கலவையால் அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். மண் குளமானால் களிமண்ணே மருந்து. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் இடைவெளியும் மிகச் சிறியது. நல்ல களிமண்ணில் நீர் ஊரும் வேகம் மணலில் உள்ளதில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கக்கூடும். நடவுக்கு முன் வயலைச் சேறாக்கி மிதிக்கிறோமே, அதன் பயன்களுள் ஒன்று நீர் கீழே இறங்காமல் தடுப்பது. அதே முறையில், குழைத்த களிமண்ணை மெல்லிய அடுக்குகளாக இட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தலாம்.

ஒன்றை மறவாதீர்கள். தெளிந்து கசியும் நீர், நீரை மட்டுமே கொண்டுபோகிறது. கலங்கிக் கசியும் நீரோ கரையையே கரைத்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவின் டீட்டன் மண்ணணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் கசிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. ஏரிக்கரையில் கலங்கல் ஊற்றைக் கண்டால் அன்றே ஊராரிடமும் நீர்வளத் துறையினரிடமும் சொல்லுங்கள். நாளை என்பது தாமதமாகிவிடலாம்.