வலியும் கடிகாரமும்

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் ஒருவகைப் பால் வடியும். அது உலர்ந்தால் அபின். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் இதைப் பயிரிடுகின்றனர். அயல்நாட்டு மருந்து ஆலைகளுக்கு நெடுங்காலமாக அபினை அனுப்பி வந்த நாடு நம்முடையது. அந்த அபினிலிருந்து கிடைக்கும் மார்பின் நம் நாட்டுப் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் எட்டாக்கனியாகவே இருந்தது. ஏன் என்று பார்ப்போம்.

அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தவர் செர்ட்டர்னர் என்னும் ஜெர்மானிய இளைஞர். 1805ஆம் ஆண்டையொட்டி, மருந்துக் கடையில் பணியாற்றிய காலத்தில் அவர் இதைச் செய்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வமான மார்பியஸ் பெயரையே அதற்குச் சூட்டினார். மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொடுக்கும் முறையைக் கண்டறிய மேலும் நூறாண்டுகளுக்கு மேல் ஆயின.

அதுவரை நிகழ்ந்தது என்ன? நோயாளி வலி தாளாமல் கதறிய பின்னரே ஊசி போடுவார்கள். வலி அடங்கும், மீண்டும் எழும், மீண்டும் கதறல். இங்கே இயற்பியல் மாணவர்கள் கதிரியக்கப் பாடத்தை நினைவு கூரலாம். உடலில் மார்பினுக்கும் ஓர் அரை ஆயுட்காலம் உண்டு. அது ஏறத்தாழ இரண்டு, மூன்று மணி நேரம். நான்கு மணி நேரம் கழிந்தால் இரத்தத்திலுள்ள மருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே வலி திரும்பும் முன்பே அடுத்த அளவைக் கொடுத்துவிட்டால் மருந்தின் அளவு ஒரு வரம்புக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்; வலி தலைதூக்காது. இலண்டனில் செயின்ட் லூக்ஸ் என்ற இல்லத்தில் இம்முறை முன்பே வழக்கத்தில் இருந்தது. அங்குத் தொண்டு செய்த செவிலியர் சிசிலி சாண்டர்ஸ் இதைக் கண்டார். பின்னர்த் தாமே மருத்துவம் பயின்று, 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற நோயாளர் இல்லத்தைத் தொடங்கினார். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே கூறியது: வாய்வழியே கொடுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

நம் நாட்டில் 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைத் தடுக்க அது தேவையே. ஆயினும் ஒரு மருத்துவமனை மார்பின் வாங்கவேண்டுமானால் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெறவேண்டியதாயிற்று. ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும். தவறினால் சிறை. எந்த மருத்துவர் துணிவார்? பன்னிரண்டு ஆண்டுகளில் மருத்துவத்துக்கான மார்பின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. கடத்தல்காரனுக்கு விரித்த வலையில் நோயாளி சிக்கினான் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒரே அலுவலரிடம் அனுமதி பெறும் வழி பிறந்தது.

இத்திருத்தத்துக்காக நீண்டகாலம் போராடியவர்களில் ஒருவர் கேரளத்து மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால். அவரே பலமுறை கூறியுள்ள நிகழ்ச்சி ஒன்று உண்டு. புற்றுநோயாளி ஒருவருக்கு நரம்பில் ஊசி போட்டு வலியை முற்றும் நீக்கினார். நோய் தீராது என்பதை அப்போதுதான் அறிந்த அம்மனிதர், அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பின் வலி போயிற்று; மனிதரின் வலி போகவில்லை. உடல், மனம், குடும்பம், ஆன்மா என எல்லாம் சேர்ந்த ஒன்றை 'முழு வலி' என்று சாண்டர்ஸ் அம்மையார் அழைத்தது இதைத்தான்.

1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை யார் பார்ப்பது என்ற கேள்வி எழுந்தது. மலப்புரம் பகுதியில் ஊர் மக்களே பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றனர். புண் கழுவுவது, இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, மூச்சுத் திணறுபவரின் முகத்தில் சிறு விசிறியால் காற்றுப் படச்செய்வது ஆகியவற்றுக்குப் பட்டம் வேண்டியதில்லை. மார்பின் உண்பவருக்கு மலச்சிக்கல் வருமென்பதால் பேதி மருந்தும் கூடவே வேண்டும் என்பதைத் தொண்டரும் அறிந்திருப்பார். புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். நாற்றம் குறைந்தால் உறவினர் மீண்டும் அருகில் வந்து உட்காருவார்கள். இதைவிடப் பெரிய மருந்து எது?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவையும் சேர்க்கப்பட்டது. ஒன்றியந்தோறும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகின்றனர். எங்கள் மல்லசமுத்திரமும் ஓர் ஒன்றியத் தலைமையிடமே. இங்கிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். தறி ஓடினால்தான் கூலி என்ற வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அவரைப் பார்க்க இன்னொருவர் தறியை நிறுத்தவேண்டும். பெரும்பாலும் அது அவ்வீட்டுப் பெண். வீடு தேடி வரும் செவிலியர் நோயாளியின் நாடியைப் பார்த்த பின், அந்தப் பெண்ணிடம் "நீங்கள் நேற்றிரவு தூங்கினீர்களா, அம்மா?" என்று கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.