துடுப்பின் எடை

ஹேவ்லாக் தீவில் பணிபுரியும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: கயாக்கில் சென்று மீன் பிடிக்க, எடை குறைந்த, எளிதில் முறியாத துடுப்பு எது? கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கடற்சொற்களைத் தொகுத்துக்கொண்டிருக்கும் என்னிடம் கேட்டதால் விடை நீண்டுவிட்டது.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்திற்கு 40 முறை துழாவினால் மணிக்கு 2,400 முறை. அலுமினியத் தண்டுள்ள துடுப்புக்கும் கார்பன் இழைத் துடுப்புக்கும் ஏறத்தாழ 300 கிராம் வேறுபாடு உண்டு. கனமானதை ஏந்தியவர் ஒரு மணி நேரத்தில் 720 கிலோவைக் கூடுதலாகத் தூக்கி இறக்குகிறார்.

இக்கணக்கைக் கார் நிக்கோபார் மக்களிடம் பொருத்திப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டிய மட்பாண்டங்கள் சௌராத் தீவில்தான் வனையப்பட்டன. அதற்கான களிமண்ணோ தெரசாத் தீவிலிருந்து வந்தது. பெரிய ஓடங்களும் சௌரா வழியாகவே கைமாறின. இடையில் 70 கி.மீ. அளவிலான திறந்த கடல். நடுவே மனிதர் வாழாத பத்திமால்வ் தீவு மட்டுமே. பக்கமிதவை பூட்டிய அவ்வோடங்களுக்குப் பாய் உண்டு. காற்று விழுந்துவிட்டால் துடுப்பே கதி. மணிக்கு 5 கி.மீ. என்று கொண்டாலும் 14 மணி நேரம், ஒருவருக்கு 33,600 துழாவல்கள். துடுப்பின் எடை அங்கே வசதியைப் பற்றியதன்று. கரை சேர்வதைப் பற்றியது.

ஆயினும் நம் சான்றுகள் துடுப்பைப் பேசுவதில்லை. 7ஆம் நூற்றாண்டில் இவ்வழி சென்ற சீனத் துறவி இ-சிங், ஆடையற்றோர் நாடு எனக் குறிப்பது நிக்கோபாரையே என்பர். திரளாக வந்த சிறு படகுகளையும், இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கிடைத்ததையும் அவர் எழுதிவைத்தார். அந்த இரும்பில் ஒரு பகுதியேனும் ஓடமும் துடுப்பும் செதுக்கும் கருவியாகியிருக்கும் என்பது என் ஊகம். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரத்தைப் பெயர் சொல்லிவிட்டு நகர்கிறது. கலங்கள் கல்வெட்டேறின, கலத்தை உந்திய மரம் ஏறவில்லை.

எஞ்சியிருப்பது சொல்தான். தமிழில் துடுப்பு கடலுக்கும் அடுப்புக்கும் பொது: ஓடம் தள்ளுவதும் அதுவே, சோற்றைக் கிளறுவதும் அதுவே. துழாவுதல் என்ற வினையும் அவ்வாறே கூழுக்கும் நீருக்கும் உரியது. பொருளால் அன்றிக் கையசைவால் பெயரிட்ட மொழி இது. ஈ. எச். மேன் 1889இல் வெளியிட்ட நடு நிக்கோபாரி அகராதியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கொரு பதற்றம் எழும். 2004 ஆழிப்பேரலை ஏராளமான ஓடங்களைக் கொண்டுசென்றது. கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் பெருகின. எந்த மரத்தை எப்பருவத்தில் வெட்டுவது என்னும் அறிவு, அதைச் சொல்லும் சொற்கள் புழங்கும் வரையில்தான். அந்தமானின் போ மொழி, அதன் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010இல் மறைந்தபோது முடிந்தது. அம்மொழியில் துடுப்பு ஒரு பொருளா, ஒரு செயலா என்று இனிக் கேட்க ஆளில்லை.

மூங்கிலைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசலாம். ஆமை வேட்டைக்குச் செல்லும் அந்தமானியர், எறியீட்டியின் நீண்ட மூங்கில் தண்டையே ஆழமற்ற பவளத்திட்டில் ஊன்றுகோலாக்கினர். சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தார், பிளந்த மூங்கிலை இருபுறமும் மாற்றி மாற்றி வலித்தனர். மூங்கிலின் நார் வெளிச்சுவரை ஒட்டியே அடர்ந்திருக்கும், நடு வெற்றிடம். எடை குறைந்தும் வளைவைத் தாங்குவது அதனால்தான். இன்றைய கார்பன் இழைக் குழாயின் உட்கருத்தும் ஏறக்குறைய இதுவே. கயாக் என்ற சொல்லை இனுவிட் மக்களும் கட்டமரான் என்ற சொல்லை நம்மவரும் உலகுக்குக் கொடுத்தோம். நம் மூங்கில் துடுப்பை ஏனோ யாரும் கடன் வாங்கவில்லை!

நண்பருக்கு நான் எழுதிய விடை இது: தண்டு கார்பன் இழையாக இருக்கட்டும். அலகு கண்ணாடியிழை கலந்த நைலானாக இருக்கட்டும். பவளப்பாறையில் மோதினால் கார்பன் அலகு விரிசல் விடும், நைலான் கீறலோடு தப்பும். இரு துண்டாகக் கழற்றும் துடுப்பெனில், மூட்டில் மணலும் உப்பும் இறுகிவிடாதிருக்க ஒவ்வொரு முறையும் நன்னீரில் அலசுங்கள். தூண்டிலைப் பிடிக்க இரு கையும் வேண்டியிருக்கும். ஆகவே துடுப்பைக் கயிற்றால் படகோடு பிணைத்துவிடுங்கள்.