ஜெனரேட்டிவ் ஃபில்

ஒளிப்படத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்து, வேண்டியதைச் சொற்களில் எழுதினால், செயற்கை நுண்ணறிவு அவ்விடத்தை வரைந்து தரும் வசதி. அடோபி நிறுவனம் 2023 மே மாதம் போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பில், தன் ஃபயர்ஃபிளை என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரியைக் கொண்டு இதை வெளியிட்டது. போட்டோஷாப்பில் 2010இல் வந்த ‘கன்டென்ட் அவேர் ஃபில்’ வசதி படத்திலேயே இருந்ததை எடுத்து ஒட்டுப்போட்டது. இதுவோ படத்தில் இல்லாததையும் உருவாக்கும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் துருத்தும் மின்கம்பத்தை வளைத்துத் தேர்ந்து, எழுதுமிடத்தை வெறுமையாக விட்டாலே போதும். கம்பம் மறையும், அங்கே சுவரும் நிழலும் வந்துவிடும். விளைவு தனி அடுக்கில் அமைவதால் மூலப்படம் கெடாது. ஆனால் கிழிந்துபோன பழைய குடும்பப் படத்தில் இது நிரப்பித் தரும் முகம், தாத்தாவின் முகம் அன்று, வெறும் ஊகம். செய்திப்படங்களில் இவ்வகைக் கருவிகளால் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2023 ஆகஸ்டில் விதித்தது.