மோதினார் வீட்டுப் பிள்ளை

ஈரானின் வடமேற்கே உள்ள அர்தபீல், அஸர்பைஜானியத் துருக்கி பேசும் மக்களின் நகரம். ஸஃபவிய அரச மரபின் மூதாதையரான ஷைகு ஸஃபியுத்தீன் அடங்கியிருக்கும் ஊர். 1925-ஆம் ஆண்டு அங்குப் பிறந்தவர் ரஹீம் முஅத்தின்ஸாதா அர்தபீலீ. 'முஅத்தின்ஸாதா' என்னும் பாரசீகப் பெயரை நம் வழக்கில் 'மோதினார் வீட்டுப் பிள்ளை' எனலாம். பெயருக்கேற்ப அவருடைய தந்தை ஷைகு அப்துல் கரீம் தெஹ்ரான் வானொலியில் பாங்கு சொல்லி வந்தார். அவருக்குப் பின் அப்பணி மகனிடம் வந்தது.

1955-இல் வானொலி நிலையத்தின் ஆறாம் எண் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரஹீம் சொன்ன பாங்கு பதிவு செய்யப்பட்டது. அப்போது அவர் நோன்பு நோற்றிருந்தார் என்பர். சில நிமிடங்களே நீளும் அப்பதிவுதான் அவருடைய வாழ்நாள் புகழ் முழுவதையும் தாங்கி நிற்கிறது.

பாரசீக இசையில் 'ஷூர்' என்னும் பெரும்பண்ணின் கிளை 'பயாத்தெ துர்க்'. அதனுள் அடங்கிய 'ரூஹுல் அர்வாஹ்', அதாவது 'உயிர்களின் உயிர்' என்னும் சிறு இசைக்கூறில் அவர் பாங்கை அமைத்தார். இசைக்கருவி எதுவும் இல்லை; தனிக்குரல் மட்டுமே. ஷீஆ மரபின் பாங்காதலின், நாம் சொல்லாத வாசகங்களும் அதில் உண்டு. அவ்வேறுபாடு தனியே பேசத்தக்கது.

பாங்கைப் பண்ணில் அமைப்பது தகுமா என்னும் வினா இங்கே எழும். கனவில் பாங்கின் வாசகங்களைக் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). ஆயினும் அவற்றை பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்பிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பிலாலின் குரல் வளமே அதற்குக் காரணம். ஆகவே நற்குரலை நாடுவது குற்றமன்று. சட்ட அறிஞர்கள் வெறுத்தது எழுத்தைச் சிதைக்கும் நீட்டலையே. 'அக்பர்' என்பதை 'அக்பார்' என இழுத்தால் பொருளே கெட்டுவிடும். பண்ணுக்காகச் சொல்லை வளைப்போர் நம்மிடையேயும் உளர். ரஹீமின் பாங்கிலோ பண் சொல்லுக்குப் பணிந்து நிற்கிறது என்பதே நம் கருத்து.

இளவல் ஸலீமும் பெயர் பெற்றவரே. கர்பலாத் துயரைப் பாடும் 'நவ்ஹா' பாடல்களால் அறியப்பட்ட அவர் 2016-இல் மறைந்தார். ரஹீம் 2005-இல் இவ்வுலகை நீத்தார். ரமழானில், மஃரிபு வேளையில், அக்குரல் எழுந்த பின்னரே பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கும் குடும்பங்கள் ஈரானில் இன்றும் பல.