நாஞ்சில் நாட்டுக் குரல்களும் ஜப்பானிய பெல்ட் சுழலியும்

ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கிருஷ்ணன்கோவிலில் 1918இல் பிறந்தவர் இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன். இரண்டுமே இன்றைய நாகர்கோவிலுக்குள் அடங்கும் ஊர்கள். ஆனால் இருவருடைய இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தில் போட்டுக் கேட்க முடியாது.

கலைவாணரின் பாட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளில் வந்தன. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல் ஓடும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி.யையும், மறு ஆண்டு ஆர்.சி.ஏ. 45 சுற்றுத் தட்டையும் கொண்டுவந்தன. இந்தியாவில் 1960களிலும் 78 ஓடிக்கொண்டிருந்ததால், 1942இல் திரையுலகில் நுழைந்த மகாதேவனின் இசை மூன்று வகையிலும் பதிவாகியிருக்கிறது.

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட்டுக்காரர்கள் வைத்திருந்த இசைத்தட்டுச் சுழலிகளில் பெரும்பாலும் ரப்பர் சக்கரம் ஒன்று மோட்டாரையும் தட்டுமேடையையும் உரசிச் சுழற்றும். உழைப்புக்கு அஞ்சாத அமைப்பு அது. ஆனால் மோட்டாரின் அதிர்வு சக்கரம் வழியே ஏறி, ஊசியில் உறுமலாகக் கேட்கும். மரத்தில் கட்டிய கூம்புக் குழாயில் அது தெரியாது. வீட்டு ஸ்பீக்கரில் தெரியும்.

அந்த உறுமலை அடக்கியது பெல்ட். 1970களின் தொடக்கத்தில் வந்த ஜப்பானின் பயனீர் பி.எல்.-12டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு துருவ சிங்க்ரனஸ் மோட்டார், அதன் முனையில் இரண்டு படிகள் கொண்ட சிறு புல்லி, அங்கிருந்து அலுமினிய மேடைக்கு ஒரு ரப்பர் பெல்ட். படி மாறினால் வேகம் மாறும். அதிர்வை ரப்பர் விழுங்கிவிடும். எஸ் வடிவக் கையின் பின்முனையில் உள்ள எடையைத் திருகி, ஊசியின் அழுத்தத்தை இரண்டு கிராம் அளவுக்குக் கொண்டுவரலாம். பழைய கிராமபோன் ஊசியோ நூறு கிராமுக்கும் மேல் அழுத்தித் தட்டைத் தேய்த்தது. 1970இல் டெக்னிக்ஸ் கொண்டுவந்த நேரடி மோட்டார் சுழலி புகழ்பெற்ற பிறகும், எளிய பழுதுபார்ப்புக்கு பெல்ட் வகையே மேல்.

ஜப்பானிலிருந்து வந்த இயந்திரம் என்றால் புல்லியைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டின் கிழக்கில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. இவ்வகை மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60க்கான புல்லியோடு நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் தட்டு 28 சுற்றுக்கும் கீழே இறங்கும், மகாதேவன் இசையமைத்த ‘சங்கராபரணம்’ எல்.பி.யின் சுருதி ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை குறைந்துவிடும். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கான சுழலிக்கு 100 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் வேண்டும். ரப்பர் பெல்ட் நாளடைவில் தளரும். மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

பி.எல்.-12டி சுழலியில் 33, 45 இரண்டே வேகங்கள். மகாதேவனின் எல்.பி.க்கு இது போதும். கலைவாணரின் 78 தட்டுக்கு வேகமும் பொருந்தாது, ஊசியும் பொருந்தாது. எல்.பி.யின் நுண்ணிய ஊசி 78இன் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எழுப்பும். வீட்டுப் பரணில் அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள், 78 வேகமும் அதற்குரிய அகன்ற ஊசியும் உள்ள சுழலி கிடைக்கும்வரை அதை உறையிலிட்டு நிமிர்த்தி வையுங்கள்.