பொதிமாடும் வீடாகிய வேனும்

பழைய பெரிய வேன் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி ஊர் சுற்றும் ஆசை இன்று பலருக்கு உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1885இல் முன்னாள் கடற்படை மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 'வாண்டரர்' என்னும் வண்டிவீட்டைக் கட்டுவித்தார். இரு குதிரைகள் இழுக்க ஏறத்தாழ 1,300 மைல் சென்றார். அது உல்லாசத்துக்கென்றே பிறந்த வீடு. சரக்கு ஊர்தியையே வீடாக்கும் வழியை, 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் காட்டிற்று. வொக்ஸ்வேகன் வேனுக்குள் வைத்து எடுக்கத்தக்க தளபாடப் பெட்டியொன்றை அது செய்தது. வேலை நாளில் சரக்கு வேன், விடுமுறையில் வீடு.

கல்முனைக் கரையினரான நமக்கும் நெடும்பயணம் புதிதன்று. கண்டி இராச்சியக் காலத்திலே முஸ்லிம் வணிகர், பொதிமாட்டு நிரையாகிய தவளம் நடத்தி, உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுசென்று, பாக்குடன் மீண்டனர். மாட்டின் முதுகு சரக்குக்கே உரியது, மனிதன் நடந்தான், இரவில் அம்பலத்திலோ மரத்தடியிலோ துயின்றான். தேவையற்ற ஒரு பொருளும் பொதியில் ஏறவில்லை. ஏறினால் மலையேற்றத்தில் மாடு சோரும்.

பதுளை மலையேறும் பழைய வேனுக்கும் அதுவே விதி. 100 லீற்றர் தண்ணீரின் நிறை 100 கிலோ. பலகையும் இரும்பும் வேறு. இறக்கத்தில் அவ்வளவையும் தடுத்து நிறுத்த வேண்டியது பழைய பிரேக்கு. ஆகவே, எதை ஏற்றலாம் என எண்ணுமுன் எதை விடலாம் என எண்ணுக. தவளக்காரர் அறிந்திருந்த அந்தக் கணக்கே பயணியின் உயிரைக் காக்கும்.