விமான அரிமானத் தடுப்புப் பூச்சுகள்

விமான உலோகத்தை ஈரமும் உப்பும் அரிக்காமல் காக்கும் படலங்களின் பொதுப்பெயர். வெளியிலிருந்து பார்க்க ஒரே பெயின்ட்; உள்ளே மூன்று நான்கு அடுக்குகள்.

விமானத்துக்கு ஆவது தூய அலுமினியம் அல்ல. செம்பு கலந்த 2024, துத்தநாகம் கலந்த 7075 போன்ற எண்களால் குறிக்கப்படும் அலுமினியக் கலவைகளுக்குத்தான் வேண்டிய வலு உண்டு. ஆனால் வலுவைக் கொடுக்கும் செம்பே அரிப்புக்கும் வழிவிடுகிறது. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம், கலவைத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிதாகச் சேர்த்து உருட்டி ‘ஆல்கிளாட்’ தகட்டைக் கொண்டுவந்தது. பழனிப் பஞ்சாமிர்தம் அடைத்து வரும் தகர டப்பாவை நினைத்துக்கொண்டால் இதன் நுட்பம் பிடிபடும். தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்பு. வெளிப்புறம் கீறினால் வெள்ளீயம் தப்பிவிடும், இரும்பு துருவேறும். ஆல்கிளாடில் நேர்மாறு: மேல்தோல் தான் கரைந்து உள்ளிருப்பதைக் காக்கும்.

அதன்மேல் வேதிப்படலம் அல்லது மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் ஏற்றும் ஆனோடைசிங், பிறகு எபாக்சி பிரைமர் எனும் அடிப்பூச்சு, கடைசியாகப் பாலியூரித்தேன் மேற்பூச்சு. பிரைமர் அடிக்கும் முன் தகட்டில் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். படலமாக விரிந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை போகவில்லை, மறுபடி கழுவ வேண்டும்.

பிரைமரில் நெடுங்காலம் கோலோச்சியது குரோமேட் என்ற குரோமியச் சேர்மம். கீறல் விழுந்த இடத்துக்குக் கசிந்து போய் அதுவே மூடிவிடும். இவ்வளவு கெட்டியான மாற்று எளிதில் அமையவில்லை. ஆனால் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. விமானத்தைக் காத்தது, பெயின்ட் அடித்தவர் நுரையீரலைக் காக்கவில்லை.

பூச்சு முதலில் தோற்பது ரிவெட் தலைகளைச் சுற்றியும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்புகளிலும்தான். பெயின்ட் கொப்புளிக்கும், சுரண்டினால் வெள்ளைப்பொடி உதிரும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளிடையே பறந்த அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737-இன் கூரை நடுவானில் பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். இணைப்புகளின் ஒட்டு விட்டுப்போனதும், அங்கே புகுந்த அரிமானமும், ரிவெட் துளைகளில் ஓடிய உலோகக் களைப்பு விரிசலும் சேர்ந்த விளைவு அது.

உப்புக்காற்று வீசும் இடத்தில் பூச்சுக்கு வேலை கூடும். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் ‘ஐ.என்.எஸ். பருந்து’ கடற்படை விமானத்தளம் இருப்பது இரு கடலுக்கு நடுவே. கடல்மேல் பறந்து திரும்பும் விமானத்தை நன்னீரால் கழுவுவதும் பூச்சைப் பேணுவதில் அடங்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபம் என்னும் கடலோர ஊரில் அரிமான ஆய்வு நிலையம் உண்டு. கடலோரத்தில் பூச்சுகளைச் சோதிக்கும்போது பூச்சின்மேல் வேண்டுமென்றே குறுக்காகக் கீறி, தகட்டைக் கடற்காற்றில் நிறுத்திவிட்டு, கீறலிலிருந்து அரிப்பு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளப்பார்கள்.